கரும்பலகையில் இன்று

கடல் இங்கிருந்து நூற்றுமுப்பது கிலோமீட்டர்.
பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை.
இருந்தும் பாபுராவ் தெருவில்
விடியற்காலை நாலரைக்கு
ஐஸ் பெட்டியின் மூடி திறக்கும்போது
என் மெஸ் வாசலில் ஒரு நிமிஷம்
அலை அடிக்கும்.

கஜபதி கொண்டுவருவான்.
காசிமேட்டில் ஏலம் எடுத்து
வாலாஜாவில் டீ குடித்து
தோள்துண்டில் செதில் மினுங்க வந்து நிற்பான்.
"இன்னா அக்கா, பால் சுறா கீது.
ஆஸ்பத்திரி ஊருக்குன்னே புடிச்சா மாதிரி."

அவன் சொல்வது சரிதான்.
பெற்றவளுக்குப் பால் ஊற
சுறாப் புட்டு கேட்டு வராத நாளில்லை.
எவர்சில்வர் தூக்கோடு, தூங்காத கண்ணோடு,
நேற்று ராத்திரி அப்பாவானவர்கள்.
விலை கேட்கமாட்டார்கள்.
பதினோரு வருஷமாக
என் கரும்பலகையின் முதல் வரி அது.
சாக்பீஸை எடுத்தால் கை தானாக எழுதும்.

பங்குனியில் ஒரு நாள்
அம்சா அரிவாள்மனையை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.
வயிற்றுக்குள் ஐந்து.
முட்டை இல்லை, குட்டிகள்.
சாண் நீளம்,
துடுப்பெல்லாம் முடிந்து,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி.
கண்கள் திறந்திருந்தன.

"அக்கா, இதுங்களையும் சேர்த்தா
எடை போட்டான்?"

அன்றைக்கும் புட்டு விற்றேன்.
பதினெட்டுத் தூக்கு.
பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.
மறுநாள்தான் அழித்தேன், ஈரத்துணியால்.
வெயில் சாய்வாக விழுந்தால்
இன்னும் படிக்கலாம் அந்த எழுத்தை.

ஆம்பூர் ஷூ கம்பெனிப் பையன் ஒருவன் கத்தினான்.
"போர்டுல கீது, இல்லைன்றியே."
பூண்டு தட்டிப்போட்ட காரப்பொடிக் குழம்பை
அவன் தூக்கில் ஊற்றினேன், காசு வாங்காமல்.
மறுநாளும் வந்தான்.
பால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.
"அதே குழம்பு" என்றான்.

அப்புறம் எனக்குக் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது.
பெட்டியில் வஞ்சரம் கிடந்தால் விலைக்கு முன் நீளம் கேட்டேன்.
பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸில் ஸ்கேலை எடுத்துவந்து
நடைபாதையில் குந்தி அளந்தேன்.
ஒன்றே கால் அடி.
ஒரு முறைகூட முட்டையிட்டிருக்காது.
"இதை எடுத்துனு போ."
எடுத்துப் போனான்.
இரண்டு கடை தள்ளி இறக்கினான்.
மத்தியானம் அங்கே வாழையிலையில் அது வறுபட்டுக் கிடந்ததை
என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

ஒருத்தி வேண்டாம் என்றால்
மீன் கடலுக்குத் திரும்பிவிடாது.

அதனால் போனேன்.
பதினோரு மணிக்கு, அடுப்பு சூடாகும் முன்னால்,
ஓட்டல் ஓட்டலாக.
தடைக்காலத்திலும் "ஃப்ரெஷ் வஞ்சரம்" என்று
சீரியல் லைட் போட்டவர்
டீ வாங்கிக்கொடுத்துச் சிரித்தார்.
"சைஸ் பார்த்தா மேடம் பொண்ணு கட்டறாங்க?"
தோட்டப்பாளையத்து முதலாளி
மகனைப் பேசச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.
மகன் போனைப் பார்த்துக்கொண்டே
சரி சரி என்றான். எதற்குச் சரி?

வங்காளி ஓட்டல் மைத்தி மட்டும்
கரண்டியைக் கீழே வைத்தார்.
அரைகுறைத் தமிழில் சொன்னார்:
எங்க ஊர்ல ஹில்சாவுக்கும்
தொடாத மாசம் இருக்கு.
இங்க வந்து மறந்துட்டேன்.
மோர்தானா ஏரிக் கட்லா கிடைக்குமா,
பேஷண்ட் எல்லாம் கேட்குது.
கிடைக்கும் என்றேன்.
கிடைக்குமா என்று எனக்கே தெரியாது.

கவலை மீன், கட்லா, காரப்பொடி.
இப்போது என் பலகையில் மூன்றே வரி.
வியாபாரம் கால்வாசி குறைவு.
அம்சாவுக்குத் தீபாவளி போனஸ் எப்படி என்று
இன்னும் கணக்குப் போடவில்லை.

இன்று நாலரைக்கு
கஜபதி மூடியைத் திறக்காமல் நின்றான்.
துண்டின் ஓரத்தில் ஒரு முடிச்சு,
இரண்டரை அடியில்.
"ரெண்டு கடை இப்டி ஆரம்பிச்சீங்கனா
நான் போட்டுக்காரன்கிட்டதான் போய்ச் சொல்லணும்"
என்று சலித்துக்கொண்டான்.

போய்ச் சொல்லு.